பதிவேட்டின் கட்டங்களும் நமது பெயர்களும்

எழுதி வைப்பது ஒரு சாதாரணக் காரியம் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் போதும், அதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஆனால் எழுதி வைத்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டிய நாள் வரும்போதுதான், எதை எழுதினோம் என்பதைப்போலவே, எந்தக் கட்டத்தில் எழுதினோம் என்பதும் பெரிய விஷயம் என்று விளங்கும். உலகத்தில் ஏழை மக்களின் கூலியும், குடியுரிமையும், மானமும் எழுதப்படாததனால் மட்டும் பறிபோனவை அல்ல. கட்டம் மாறி எழுதப்பட்டதனாலும், கட்டம் மாறிப் படிக்கப்பட்டதனாலும் பறிபோனவை ஏராளம்.

இந்த எழுத்து வேலையை இக்காலத்தில் கணிப்பொறிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கணிப்பொறிக்குள்ளும், நமது தோட்டத்துப் பாஷையில் சொன்னால், ஒரு கிராணி உட்கார்ந்திருக்கிறார். யார் உள்ளே வந்தார், யாருடைய கடவுச்சொல் தவறாயிற்று, எந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது, எந்த வட்டு நிரம்பிவிட்டது என்பவற்றையெல்லாம் அவர் இரவும் பகலும் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கிறார். அந்த ஏட்டைத்தான் ‘லாக்’ என்று சொல்லுகிறார்கள். பதிவேடு என்பது நம் சொல். ஒரு வரியை இன்ன அச்சில் எழுதவேண்டும் என்று வகுப்பதும், எழுதிய வரியிலிருந்து வேண்டிய கட்டத்தை மட்டும் பிரித்தெடுப்பதும் ஒரு தனித் தொழில். அத்தொழிலே நமது பிழைப்பு. இலக்கியப் பகுதியில் இதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். இவ்வூரில் நாம் நேரில் கண்டதொன்றைச் சொன்னால், இது நாலு பேர் யோசிக்கவேண்டிய விஷயந்தான் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்பது நமது நம்பிக்கை.

நாம் இதை எழுதுவது பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் வடபகுதியிலுள்ள கம்போங் ராஜாவிலிருந்து. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைநாட்டைக் குறித்து வைத்தார்; மலைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்து, இங்கே குடியேற்றம் செய்யலாம் என்று முடிவு கட்டினார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கம்போங் ராஜாவை ஒட்டி ‘புளூ வேலி’ தோட்டமும் எழுந்தது. துரைமார்களின் பெயரும் ஆண்டும் இவ்வாறு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் காட்டை வெட்டியவன் பெயர் என்ன? சரிவில் முதல் கன்றை நட்டவள் பெயர் என்ன? அவர்களுடைய பெயர்களும் ஒரு காலத்தில் எழுதப்பட்டுத்தான் இருந்தன. சரித்திர நூலில் அல்ல, செக்ரோலில்.

செக்ரோல் என்பது இன்னதென்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயரைக் கூப்பிடுவார். கங்காணி ‘இருக்கிறான்’ என்பார். பெயர் இடப்பக்கத்தில், மாதத்தின் நாட்கள் கட்டம் கட்டமாக வலப்பக்கத்தில். கட்டத்தில் குறி விழுந்தால் கூலி, விழாவிட்டால் பட்டினி. இலங்கைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லே ஒரு நாள் கூலிக்குப் பெயராகிவிட்டது. அங்கே ‘அரைப் பேர்’ என்றால் அரை நாட் கூலி. மனிதனுடைய பெயரும் அவன் சோறும் ஒரே சொல்லில் அடங்கிப்போனதைவிட, பதிவேட்டின் வலிமைக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

கட்டங்களை யார் வகுக்கிறாரோ, அவருடைய எண்ணமே கட்டங்களில் தெரியும். 1860 முதல் 1911 வரையில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, ஊர் என்பவற்றோடு, சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது; உடம்பிலுள்ள தழும்புக்கும் ஒரு கட்டம் இருந்தது. அந்த மனிதனுக்கு என்ன தெரியும், எதில் விருப்பம் என்பதற்குக் கட்டமே இல்லை. கட்டம் ஒன்று போடப்பட்டால் அதை எதனாலாவது நிரப்பித்தானே ஆகவேண்டும்? அதனால் கடலைத் தாண்டிய பிறகும் சாதி கூடவே இறங்கிற்று. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை விடவேண்டும் என்று தீர்மானித்தது. ஆழ்ந்து பார்த்தால் அது ஒரு கட்டத்தை அடித்துப் போட்ட தீர்மானமே என்பது விளங்கும். அவ்வாண்டு டிசம்பரில் ஈ. வெ. ரா. பெரியார் மலாயாவுக்கு வந்து பேசியபோது அதைக் கேட்டவர்களின் பேரர்களே இன்று நம்மில் பலர்.

இனிக் கணிப்பொறியின் பதிவேட்டுக்கு வருவோம். 1980களில், அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் ‘சென்ட்மெயில்’ என்னும் கடிதப் போக்குவரத்து ஏற்பாட்டுக்குத் துணையாக ‘சிஸ்லாக்’ என்ற பதிவு முறையை உண்டாக்கினார். மற்றவர்களும் அதைப் பார்த்துத் தத்தம் விருப்பப்படி கையாளத் தொடங்கினார்கள். நடைமுறையில் இருந்ததை 2001இல் ஓர் ஆவணமாக எழுதி, அதற்கு 3164 என்று எண்ணிட்டார்கள். 2004இல் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் என்ற ஜெர்மானியர் ‘ஆர்சிஸ்லாக்’ என்னும் வலிய பதிவுக் கருவியைத் தொடங்கினார். அவரே 2009இல் வெளியான 5424 எண்ணுள்ள புதிய விதியையும் எழுதினார். லட்சக்கணக்கான கணிப்பொறிகளில் இன்று இவ்விரு விதிகளின் சாயலில்தான் வரிகள் எழுதப்படுகின்றன.

ஒரு வரியின் தலையில் ஓர் எண் நிற்கும். அந்த எண் இரண்டு விஷயங்களை ஒன்றாய்க் கட்டியது. செய்தி எந்த இலாகாவில் பிறந்தது என்பதற்கு 0 முதல் 23 வரை ஒரு எண். அது எவ்வளவு அவசரமானது என்பதற்கு 0 முதல் 7 வரை ஒரு எண். 0 என்றால் பேராபத்து. 7 என்றால் வெறும் சோதனைப் பேச்சு. பிறந்த இலாகாவை 8ஆல் பெருக்கி அவசரத்தைக் கூட்டினால் தலையெண் கிடைக்கும். உதாரணமாக 34 என்றால், 8ஆல் வகுக்க ஈவு 4, மீதி 2. அதாவது பாதுகாப்பு இலாகாவில் பிறந்த கடுமையான செய்தி. பிறப்புக்கு எட்டு மடங்கு மதிப்பும் தன்மைக்கு ஒரு மடங்கு மதிப்பும் தரும் இந்தக் கணக்கைப் பார்த்தபோது, மனு எழுதியவரே வந்து இதையும் எழுதிவிட்டாரோ என்று நாம் சிரித்ததுண்டு. ஆனால் கணிப்பொறி மனுவைவிட நியாயமுள்ளது. ஈவை நீக்கி மீதியை மட்டும் பார்க்க அது யாரையும் தடுப்பதில்லை. நல்ல நிர்வாகி எவரும் செய்தி எங்கே பிறந்தது என்று கேட்குமுன், அது எவ்வளவு அவசரம் என்றே கேட்பார்.

தலையெண்ணை அடுத்து நாளும் நேரமும், அதன்பின் கணிப்பொறியின் பெயர், அதன்பின் எழுதிய நிரலின் பெயரைச் சொல்லும் சீட்டு, கடைசியில் செய்தி. பழைய விதியில் நாளுக்கு மாதமும் தேதியும் உண்டு, ஆண்டு கிடையாது. பல ஆண்டு ஏடுகளை ஒன்றாய்க் கட்டினால் எந்த ஜனவரி எந்த ஆண்டுக்குரியது என்று வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலும், தேதி ஓரிலக்கமாயிருந்தால் அதற்கு முன்னால் ஓர் இடைவெளி அதிகமாய் விடப்படும். இடைவெளியை எண்ணிக் கட்டம் பிரிக்கிறவர்களுக்கு மாதத்தின் முதல் 9 நாட்களில் எல்லாக் கட்டமும் ஒன்று தள்ளிப்போகும். 10ஆம் தேதி தானாகச் சரியாகிவிடும். காரணம் தெரியாதவர்கள் பேய் பிடித்ததென்று கூடச் சொல்லுவார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, ஓர் இடைவெளிதான். அறியாமை இருக்குமிடத்தில் மூடநம்பிக்கை வந்து குடியேறும் என்பதற்குக் கணிப்பொறி அறைகளும் விலக்கல்ல.

செய்தியிலிருந்து கட்டத்தைப் பிரிக்கும் வழிகள் பல. இத்தனாவது இடத்திலிருந்து இத்தனாவது இடம் வரையில் வெட்டி எடு என்று சொல்லலாம். இன்ன வடிவம் எங்கே வருகிறதோ அங்கே எடு என்று சொல்லலாம். எல்லாவற்றிலும் எளிது, ஒரு பிரிகுறியைச் சொல்லி, ‘இக்குறியால் வரியைத் துண்டாக்கி இத்தனாவது துண்டைக் கொடு’ என்பது. ஆர்சிஸ்லாக்கில் பிரிகுறியை அதன் எண்ணால் சொல்லவேண்டும். காற்புள்ளிக்கு எண் 44, இடைவெளிக்கு 32, சாய்கோட்டுக்கு 47. கேட்ட துண்டு வரியில் இல்லாவிட்டால், ‘கட்டம் காணப்படவில்லை’ என்று பொருள்படும் ஒரு வாசகத்தை இருபுறமும் விண்மீன்கள் இட்டு அது எழுதிவிடும். குறைந்தால் கூச்சலிடும். ஆனால் துண்டுகள் அதிகமாகிவிட்டால் ஒரு வார்த்தையும் சொல்லாது. கேட்ட எண்ணுள்ள துண்டை, அது எதுவாயிருந்தாலும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். இந்த மௌனத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நமது ஊருக்கு அருகில் ஒரு தொழிலிடம் இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. தேயிலை மலைகளில் இப்போது கொழுந்து பறிப்பவர்களில் மிகுதியானவர்கள் நேபாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்துத் தமிழரின் மக்கள் காய்கறித் தோட்டங்களுக்கும், பூக்கூடங்களுக்கும், பொட்டலம் கட்டும் கொட்டகைகளுக்கும் போய்விட்டார்கள். இத்தொழிலிடத்திலும் அப்படிப்பட்டவர்கள் பலர். பெரட்டுக்குப் பதிலாக அங்கே வாசலில் விரல் ரேகை யந்திரம் ஒன்று மாட்டப்பட்டது. விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும்; யந்திரம் ஒரு வரியைப் பதிவுக் கணிப்பொறிக்கு அனுப்பும். அந்த வரியில் வாசல் எண், அட்டை எண், பெயர், நேரம் ஆகிய நான்கும் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும். நான்காவது துண்டே நேரம். அதைக் கூலிக் கணக்கு எடுத்துக்கொள்ளும். அமைத்துக் கொடுத்தவர்கள் தங்கள் பெயர்களையே இட்டுச் சோதித்துப் பார்த்து, சரியாயிருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாதம் முடிந்தது. சம்பளச் சீட்டு வந்தபோது சிலருக்கு மாதம் முழுவதும் ஆஜர் இல்லை என்றிருந்தது. பட்டியலைப் பார்த்தால் அத்தனை பேரும் தமிழர். அவர்களுடன் இம்மலையின் ஆதிக்குடிகளான செமாய் மக்களில் ஒருவர். மற்ற எவருக்கும் ஒரு மணி நேரமும் குறையவில்லை. பெண் தொழிலாளி ஒருவர், நம்மைவிட வயதில் மூத்தவர், நம்மிடம் சொன்னார்: “தம்பி, நாலு மணிக்கு எந்திரிச்சு, சோறாக்கி வச்சுட்டு, பனியில நடந்து போறேன். விரல வச்சேன், பச்ச வெளக்கு எரிஞ்சது. ஒரு நாளில்ல, மாசம் பூரா எரிஞ்சது. இப்ப நான் வரவே இல்லேங்கிறாங்க. அப்ப அந்த வெளக்கு யாருக்கு எரிஞ்சது?” மேற்பார்வையாளரோ, ‘யந்திரம் பொய் சொல்லாது’ என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முன்னாட்களில் கிராணி குறி போடாமல் விட்டால், கிராணியோடு வழக்காடலாம். ‘நீ என்னைப் பார்த்தாயே’ என்று அவர் கண்ணைப் பார்த்துக் கேட்கலாம். யந்திரத்துக்குக் கண்ணுமில்லை, வெட்கமுமில்லை.

பதிவேட்டைப் பார்க்க நாம் அழைக்கப்பட்டோம். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. மலேசியாவில் தமிழர் பெயர் அடையாள அட்டையில் எப்படி எழுதப்படுகிறது என்பது யாவரும் அறிந்தது. தன் பெயர், பிறகு மலாய் மொழியில் ‘அனாக் லெலாக்கி’, அதாவது மகன் என்பதன் சுருக்கமாக ஏ, சாய்கோடு, எல், அல்லது ‘அனாக் பெரம்புவான்’, அதாவது மகள் என்பதன் சுருக்கமாக ஏ, சாய்கோடு, பி, பிறகு தந்தை பெயர். செமாய் மக்களில் பலருக்கும் அதே வழக்கம். ‘பின்’, ‘பிந்தி’ என்று எழுதும் மலாய்க்காரருக்கும், சீனருக்கும், நேபாளியருக்கும், வங்காளியருக்கும் பெயருக்குள் சாய்கோடு கிடையாது. நமது பெயருக்குள் இருந்த அந்தச் சிறு கோட்டைப் பிரிகுறி என்று கருவி எண்ணிற்று. மூன்றாவது கட்டத்தில் தன் பெயரும் ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தும் விழுந்தன. நேரம் இருக்கவேண்டிய நான்காவது கட்டத்தில் ‘எல்’ என்ற எழுத்தும் தந்தை பெயரும் போய் உட்கார்ந்தன. நேரம் ஐந்தாவது துண்டாகத் தள்ளப்பட்டு, கேட்பாரற்றுக் கிடந்தது. துண்டு அதிகமாயிற்றே தவிரக் குறையவில்லை. ஆகையால் கருவி வாய் திறக்கவில்லை. கூலிக் கணக்கோ, மணிக்கணக்கை எதிர்பார்த்த இடத்தில் ஒரு மனிதனுடைய தகப்பன் பெயரைக் கண்டு, ‘நேரம் இல்லை, ஆகையால் ஆள் இல்லை’ என்று தீர்த்துவிட்டது.

இவ்விஷயத்தில் ஒன்றை நன்றாய்க் கவனிக்கவேண்டும். தமிழர் கூலியைப் பிடிக்கவேண்டும் என்று இங்கே யாரும் சதி செய்யவில்லை. யந்திரத்துக்கு இனத் துவேஷம் கிடையாது. அமைத்தவர்களுக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நாம் நினைக்கவில்லை. ஆனாலும் விளைவு என்ன? ஒரு சமூகம் முழுவதும், ஒருவர் பாக்கியில்லாமல், ஒரே மாதத்தில் ஆஜரற்றவர் ஆகிவிட்டது. அநீதி செய்யக் கெட்டவன் ஒருவன் வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைப் பார்க்கவேண்டும். சட்டத்தை வகுக்கும் இடத்திலும், கட்டத்தை வகுக்கும் இடத்திலும், யார் பெயர் யாருக்கும் நினைவில் வரவில்லையோ, அவர்கள் தலையில்தான் கோடு விழும். சோதித்தவர்கள் தங்கள் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தார்கள் என்றோம். கதையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இதற்கு நிகரானவை நம் சரித்திரத்தில் முன்னும் நடந்தவையே. வெள்ளைக்காரத் துரைமார் ‘ராமசாமி’ என்ற ஒரே பெயரால் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் யாவரையும் சுட்டி இகழ்ந்த காலம் ஒன்றிருந்தது. 1948இல் அவசரகாலச் சட்டத்தின்போது அடையாள அட்டை வந்தது. 1969இல் குடியுரிமைத் தாளில்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, இம்மண்ணிலேயே உழைத்து மூத்த ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் கப்பலேறித் தாயகம் திரும்ப நேர்ந்தது. காகிதத்தில் இல்லாதவன் களத்திலும் இல்லை என்ற தீர்ப்பு புதிதல்ல. அதைச் சொல்லும் வாய்தான் புதிது.

தொழிலாளருக்கு அந்தக் கூலி கிடைத்ததா என்று வாசகர்கள் கேட்பார்கள். கிடைத்தது. அதற்குக் காரணம், அந்தக் கருவியில் ஒரு நல்ல குணம் இருந்ததுதான். பிரித்தெடுத்த துண்டுகளை மட்டுமன்றி, வந்த வரியை வந்தபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் வைத்திருக்கவும் ஆர்சிஸ்லாக்கில் வழியுண்டு. அங்கே அவ்வாறு வைக்கப்பட்டிருந்தது. கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் நிற்பது எதுவோ அதை எடு என்று வடிவத்தைச் சொல்லித் தேடியபோது, ஒவ்வொருவருடைய ஒவ்வொரு நாளின் நேரமும் வரிசையாக வெளிவந்தது. எரிந்த விளக்குகள் அத்தனைக்கும் அங்கே சாட்சி இருந்தது. அடுத்த சம்பளத்தோடு பாக்கியும் கொடுக்கப்பட்டது. மூலத்தை அழித்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் வைத்திருந்தால் அந்த அம்மாளின் சொல்லுக்குச் சாட்சி அவர் சொல் ஒன்றுதான். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நமது நாட்டுப் பழமொழி. எனவே எந்தப் பதிவேட்டை வைப்பவருக்கும் நாம் சொல்லும் முதல் விதி: மூலத்தை அழிக்காதீர்கள்.

பிறகு, இனி இது நேராதிருக்க என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. அலுவலகத்தார் ஒரு சுலபமான வழி கண்டிருந்தார்கள். பெயர்களிலிருந்து சாய்கோட்டை எடுத்துவிடலாம் என்றார்கள். அப்படிச் செய்யக் கருவியில் வசதியும் இருக்கிறது. சாய்கோடு கோப்புறைகளின் வழியைக் குறிக்கும் குறியாதலால், கோப்பின் பெயருக்குள் அது நுழைந்து கேடு செய்யாதபடி அதை முற்றும் நீக்கவோ, அதனிடத்தில் அடிக்கோடு இடவோ ஆர்சிஸ்லாக்கில் ஏற்பாடு உண்டு. அதைப் பயன்படுத்தினால் ஏயும் எல்லும் ஒட்டிக்கொண்டு, ‘மகன்’ என்ற பொருள் போய், பொருளற்ற ஓர் ஓசை நிற்கும். எங்கள் நண்பர்களிலேயே சிலர், ‘போகட்டுமே, அந்தக் கோட்டினால் நமக்கு என்ன லாபம்? சீர்திருத்தம் பேசுகிற நீங்களே பெயரின் வாலைக் கட்டிக்கொண்டு அழலாமா? சாதிப் பட்டத்தை விடச் சொன்னவர்கள்தானே நீங்கள்? அச்சு யந்திரத்துக்காகத் தமிழ் எழுத்தையே மாற்றவில்லையா?’ என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதே, பதிலும் சொல்லவேண்டியதே. 1935இல் ‘குடி அரசு’ ஏட்டில் ணை, லை, னை போன்ற எழுத்துக்கள் புது வடிவில் அச்சிடப்பட்டன. அதை இன்னின்ன காரணத்தால் செய்கிறோம் என்று பெரியார் பகிரங்கமாக எழுதினார், எதிர்த்தவர்கள் எதிர்த்தார்கள், 43 ஆண்டுகள் கழித்து, 1978இல் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றுக்கொண்டது. சாதிப் பட்டத்தை விட்டவர்கள் தாங்களே மனமுவந்து விட்டார்கள். படிப்பவனுடைய சௌகரியத்துக்காக, படிப்பவன் அறிய, விவாதித்துச் செய்யப்படுவது சீர்திருத்தம். எழுதுகிற கிராணியின் சௌகரியத்துக்காக, பெயருக்குரியவன் அறியாமல், இரவோடு இரவாகச் செய்யப்படுவது வெறும் வெட்டு. இரண்டிலும் ஒரு கோடு போகலாம். ஆனால் ஒன்றில் மனிதன் போக்குகிறான், மற்றொன்றில் மனிதன் போக்கப்படுகிறான்.

‘மகன்’, ‘மகள்’ என்னும் அந்த இரண்டெழுத்தைப்பற்றி நமக்கும் அபிப்பிராயம் உண்டு. அதில் தந்தைக்கு இடமிருக்கிறது, தாய்க்கு இல்லை. பத்து மாதம் சுமந்தவளுக்குப் பெயரின் வரியில் ஒரு கட்டமும் ஒதுக்காதது பெரும் குறையே. ஆனால் அதில் ஒரு நன்மையும் உண்டு. ஐரோப்பியப் பெண் கலியாணமானதும் கணவன் குடும்பப் பெயருக்குள் மறைந்துபோகும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. நமது பெண் கலியாணத்துக்குப் பிறகும் தன் பெயரோடேயே நிற்கிறாள். இவற்றையெல்லாம் நாம் பேசுவோம், மாற்றவேண்டியதை மாற்றுவோம். நாளை நம் பிள்ளைகள் அந்தக் கோட்டை வேண்டாம் என்று தாங்களே தீர்மானித்தால், அதையும் வரவேற்போம். ஆனால் அந்தத் தீர்மானத்தை எண் 47 செய்யக்கூடாது.

நாம் சொன்ன வழி வேறு. குறியை எண்ணிக் கட்டம் பிரிக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் கொடுங்கள் என்றோம். 5424ஆம் விதியில் இதற்கு இடமிருக்கிறது. செய்திக்கு முன்னால் சதுர அடைப்புக்குள், கட்டத்தின் பெயர், சமக்குறி, மேற்கோளுக்குள் அதன் மதிப்பு என்று எழுதலாம். மேற்கோளுக்குள் சாய்கோடும், இடைவெளியும், காற்புள்ளியும் எத்தனை வந்தாலும் அவை மதிப்பின் பகுதியே, பிரிகுறி ஆகா. நேரம் ‘நான்காவது’ என்பதனால் நேரம் அல்ல, ‘நேரம்’ என்று அழைக்கப்படுவதனால் நேரம். வரிசையில் எங்கே நிற்கிறாய் என்று கேளாமல், நீ யார் என்று கேட்கும் முறை இது. இன்னொரு நேர்மையும் அந்த விதியில் உண்டு. தலைப்பகுதியில் தெரியாத கட்டத்தை வெறுமையாய் விடாமல், ஒரு சிறு கிடைக்கோடு போடவேண்டும் என்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று ஒப்புக்கொள்வதற்கும் ஓர் இடம் வைத்திருப்பதனால், ஒருவன் கட்டத்தில் இன்னொருவன் வந்து உட்காருவதில்லை. இதை அலுவலகத்தார் முதலில் வீண்செலவு என்றார்கள். ஒரு மாதக் கூலிச் சண்டையின் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்த பின் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போய், தமிழிலேயே பெயரை எழுதினால் என்ன என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அதில் சாய்கோடே வேண்டாமே என்றார். கேள்வி இனியது, பாதையில் முள்ளும் உண்டு. கணிப்பொறிகள் உலகெங்கும் கையாளும் யூனிகோட் முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பெரும்பாலும் வழங்கும் யு.டி.எப். எட்டு என்னும் வடிவத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் பிடிக்கும். ‘கந்தசாமி’ என்பது நமக்கு 5 எழுத்து. புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனியே எண்ணும் யந்திரத்துக்கு 8 குறி. பைட்டாக எண்ணினால் 24. பழைய விதிப்படி ஒரு செய்தி முழுவதும் 1024 பைட்டுக்குள் அடங்கவேண்டும். ஆகவே தமிழில் 341 குறிக்கு மேல் இடமில்லை. ஆறாவது பைட்டோடு வெட்டு என்று சொன்னால் ‘கந்’ என்பது புள்ளியை இழந்து ‘கந’ என்று நிற்கும்; பத்தாவதில் வெட்டினால் உடைந்த எழுத்தொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலமல்லாத எழுத்துக்களை எண்ணாக மாற்றி எழுதும் ஏற்பாட்டை யாராவது இயக்கி வைத்திருந்தால், ‘க’ என்ற ஓரெழுத்து #340#256#225 என்று பன்னிரண்டு குறியாக விழும். இவை தீர்க்க முடியாத நோய்கள் அல்ல. எழுத்தை எழுத்தாக எண்ணும்படி கருவியை அமைத்து, இடத்தையும் சற்று அகலமாக்கினால் தீரும். புதிய விதி செய்திக்கும், பெயரிட்ட கட்டங்களின் மதிப்புக்கும் தமிழ் எழுத்தைத் தடையின்றி ஏற்கிறது. கதவு திறந்திருக்கிறது. நுழைபவர் வேண்டும்.

யார் நுழைவது? இங்கேதான் நாம் நம் மக்களிடம் சொல்லவேண்டியது இருக்கிறது. தோட்டத்துக் காலத்தில் செக்ரோலைப் படிக்கத் தெரிந்தவர் கிராணி ஒருவரே. தொழிலாளி கட்டத்தைப் பார்த்தாலும் அதில் என்ன இருக்கிறதென்று அறியமாட்டார். படிக்கத் தெரியாததனால் ஏமாந்தோம். ஆகவே பள்ளிக்கூடம் கேட்டோம். இன்று நம் பிள்ளைகள் கணிப்பொறியைத் தொடாத நாளில்லை. ஆனால் தொடுவது வேறு, அதன் ஏட்டைப் படிப்பது வேறு. நமது கூலியையும், கடனையும், மருந்தையும், வாக்கையும் எழுதிவைக்கும் ஏடுகள் எந்த அச்சில் எழுதப்படுகின்றன, எந்தக் குறியால் பிரிக்கப்படுகின்றன என்று கேட்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பொறியியல் படித்து வெளியூர் போகும் இளைஞர்கள், தாங்கள் அமைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் தங்கள் பாட்டியின் பெயரை ஒருமுறை இட்டுச் சோதித்துப் பார்க்கட்டும். அது பொருந்தவில்லையென்றால் பாட்டியின் பெயரைக் குறைக்கவேண்டாம், கட்டத்தை அகலமாக்கட்டும்.

‘யந்திரம் பொய் சொல்லாது’ என்பதை நாம் மறுக்கவில்லை. அது பொய் சொல்லாது, கேட்டதைச் சொல்லும். கேட்பது மனிதன். கட்டங்கள் கடவுளால் படைக்கப்பட்டவை அல்ல. சாதியைப்போலவே மனிதனால் வகுக்கப்பட்டவை. மனிதன் வகுத்ததை மனிதன் மாற்றலாம். நான்காவது துண்டைக் கொடு என்று உத்தரவிடுவதற்குமுன், அந்த நான்கில் யாருடைய தகப்பன் பெயர் வந்து நிற்கிறது என்று ஒரு கணம் பார்ப்பது அவ்வளவு பெரிய பிரயாசையும் அல்ல. அந்த ஒரு கணத்தைத்தான் நாம் கேட்கிறோம்.